தாய்மாமன் வீட்டு ரொட்டி

விழுப்புரம்
18.3.1984

கிருஷ்ணவேணிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

காதுகுத்தில் நடந்ததற்கு உன் அண்ணி ராஜாமணி என்னைத்தான் குறை சொல்கிறாள். தாய்மாமன் சபையில் அப்படிப் பேசியிருக்கக் கூடாதாம். வேறு எப்படிப் பேசுவது? கெங்காவை என் மடியில் உட்கார வைத்தீர்கள். ஆசாரி ஊசியை எடுப்பதற்குள் பிள்ளைக்கு வயிறு போய்விட்டது. வேட்டி போனால் போகட்டும். நாலு வயசுப் பிள்ளை மடியில் இருப்பதே தெரியவில்லை, அதுதான் என்னை அறுத்தது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. நம் அம்மா பெயரை வைத்திருக்கிற பிள்ளை. "கேப்பைக் கூழ ஊத்தி ஊத்திப் புள்ளைய சாவடிக்கறீங்க" என்றேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அதற்கு உன் வீட்டுக்காரர், பந்தியில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது, "உங்க ரொட்டி வர்றதுக்கு முன்னால எங்க வூட்டுல யாருக்கும் வயிறு போனதில்ல மச்சான்" என்கிறார். நான் இலையை விட்டு எழுந்து வந்தது அதற்காகத்தான்.

என் ரொட்டி யார் சாப்பிடுகிற ரொட்டி என்று அவருக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே கடை வைத்திருக்கிறேன். காய்ச்சல்காரன், பிள்ளை பெற்றவள், ஆபரேஷன் முடிந்து கண் திறந்தவன், எல்லாரும் முதலில் வாயில் வைப்பது என் ரொட்டி. பார்க்க வருகிறவர்கள் ஒரு ரொட்டியும் நாலு சாத்துக்குடியும் வாங்காமல் உள்ளே போவதில்லை. ஜங்ஷன் பிளாட்பாரத்தில் மல்லாட்டைக் கடலை விற்ற பையன் நான், சொந்தமாக அடுப்பு போட்டது இந்த ரொட்டியை நம்பித்தான். உன் கல்யாணம் நடந்ததும் இதில்தான். அதை ஒருத்தர் விஷம் என்று சொன்னால் கேட்டுக்கொண்டு இலையில் உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது.

கெங்கா பால்குடி மறந்ததிலிருந்து திங்கட்கிழமை தவறாமல் ரொட்டியும் பிஸ்கட்டும் அனுப்பினேன். இனி வராது. கண்டக்டர் சவுரிராயனிடமும் சொல்லிவிட்டேன்.

அப்பாதுரை

*

ரோசணை, திண்டிவனம்
5.4.1984

அண்ணா,

கையெழுத்துக்கு மேலே 'அண்ணன்' என்றுகூட எழுதாமல் வந்த கடிதத்தைப் படித்தேன். அவர் கழனிக்குப் போன நேரம் பார்த்து இதை எழுதுகிறேன்.

அவர் அப்படிச் சொன்னது தப்பு. நான் அவர் பக்கம் பேசவில்லை. ஆனால் அவருடைய அம்மா அப்பா முன்னால், பிள்ளையைச் சாவடிக்கிறீர்கள் என்று நீங்கள் சொன்னால் அவர் என்னதான் செய்வார்? அவர் விளைவித்த கேப்பை அது. சரி, வேண்டாம். எழுத ஆரம்பித்தால் நியாயம் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

போன திங்கட்கிழமையும் கெங்கா பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடிவிட்டாள். சவுரிராயனுக்கு அவளைப் பார்க்கப் பாவமாகிவிட்டது போல. கிழித்த டிக்கெட் கட்டின் அட்டையைக் கொடுத்து, "மாமா கோவமா இருக்காரும்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "மாமாவுக்கு எந்த எடத்துல கோவம், வயித்துலயா?" என்று என்னைக் கேட்கிறாள். அவளுக்குத் தெரிந்த நோவு அது ஒன்றுதானே.

உங்கள் கோபம் எனக்குப் புதிதில்லை. கண்டமங்கலம் சித்தப்பாவோடு ஒரு கட்டிலுக்காகப் பேச்சை நிறுத்தினீர்கள். அவரைத் தூக்கிக்கொண்டு போகிற அன்றைக்குத்தான் அந்த வாசலை மிதித்தீர்கள். நானும் அப்படி ஒரு ஆளாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அப்பா போன பிறகு எனக்கென்று இருக்கிற பிறந்த வீடு நீங்கள் ஒருத்தர்தான்.

வேணி

*

திண்டிவனம்
14.8.1984

அண்ணா,

போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. இருந்தாலும் நல்ல சேதி என்பதால் எழுதுகிறேன். நல்ல சேதியைக்கூடச் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

கெங்கா தேறிவிட்டாள். வயிறு போவது நின்றே போய்விட்டது. பானை மாதிரி இருந்தது வற்றி, கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. முன்பெல்லாம் தொட்டால் அழுவாள், இப்போது பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியின் மகளைத் துரத்தித் துரத்தி அடிக்கிறாள். அடி வாங்கியவளின் அம்மா சண்டைக்கு வந்தபோது எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "புள்ள அடிச்சதுக்கு இளிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சித்திரையில் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். அம்மன்தான் கண் திறந்தாள். ஆடிக் கடைசி ஞாயிறு கேப்பைக் கூழ் காய்ச்சி ஊற்றினோம். கெங்கா இரண்டு சொம்பு குடித்தாள். மல்லாட்டையை அவித்துப் போட்டால் தட்டு காலியாகிறது.

உங்களை நினைத்துக்கொண்டேதான் இருக்கிறாள். தீபாவளிக்கு வாருங்கள் அண்ணா.

வேணி

*

விழுப்புரம்
3.9.1984

வேணி,

கடிதம் வந்தது. பிள்ளை தேறியதில் மகிழ்ச்சி. அம்மன் கண் திறந்தது இருக்கட்டும், மாசி மாதம் நான் வாங்கிக் கொடுத்த டானிக்கை மறந்துவிடாதே. அந்த மாதிரி மருந்து உடனே கேட்காது, உள்ளே ஊறி மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று மெடிக்கல் ஷாப்காரன் அன்றைக்கே சொன்னான்.

இங்கே வியாபாரம் முன்பு மாதிரி இல்லை, ஒரு படி மேலே. புது அடுப்பு போட்டுவிட்டேன். கோலியனூர் வரைக்கும் டீக்கடைகளுக்கு பன் போகிறது. காலையில் கூழ் குடித்துவிட்டு ஏர் பூட்டியவன் எல்லாம் இப்போது ஒரு டீ, ஒரு பன் என்று முடித்துக்கொள்கிறான். ராத்திரியானால் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பரோட்டாக் கல் சத்தம். மைதா மூட்டை வந்து இறங்க இறங்கத் தீர்கிறது. கேப்பை தின்கிறேன் என்று வெளியே சொல்ல இப்போது யாரும் தயாராக இல்லை. மாப்பிள்ளை விளைவித்ததை நான் குறைவாகச் சொன்னேன் என்று நினைத்தால், ஊரே அதைத்தான் சொல்கிறது என்று அவருக்கு எடுத்துச் சொல்.

தீபாவளிக்கு வருவது பற்றி: கூப்பிட வேண்டியவர் கூப்பிட்டால் வருவேன். நீ கூப்பிட்டது கணக்கில் வராது.

அண்ணன்

*

திண்டிவனம்
10.10.1984

அண்ணா,

அவரிடம் பேசிவிட்டேன். முதலில் முறைத்துக்கொண்டு இருந்தார். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்த பிறகு இறங்கி வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மச்சான் வரட்டும். ரொட்டியப் பத்தி இனி இந்த வூட்ல யாரும் ஒரு வார்த்த பேசமாட்டோம். அது என் பொறுப்பு."

இதைவிட அவர் இறங்கி வரமாட்டார். நீங்களும் கேப்பையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். அவர் கையால் எழுதிய அழைப்பு இந்தக் கவரிலேயே இருக்கிறது. இரண்டு வரிதான். அவருக்கு எழுத வராது, அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

வேணி

*

விழுப்புரம்
28.10.1984

அன்புத் தங்கை வேணிக்கு,

வந்து சேர்ந்தோம். இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு தீபாவளியைக் கழித்தது இல்லை. மாப்பிள்ளை சொன்ன சொல் தவறாமல் நடந்துகொண்டார். அவர் தட்டிலும் ரொட்டியை வைத்தபோது பேசாமல் எடுத்துச் சாப்பிட்டாரே, அங்கேயே எனக்கு எல்லாம் கரைந்துவிட்டது.

கெங்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மாமா, கோவம் போயிடுச்சா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ராஜாமணிக்கு இதைச் சொல்லிச் சொல்லி அவள் அலுத்துப்போய்விட்டாள்.

பிள்ளை தேறியிருக்கிறாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இன்னும் எலும்புதான் தெரிகிறது. இனி வாரத்துக்கு இரண்டு தரம் அனுப்புகிறேன். காலையில் பாலில் ரொட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிஸ்கட், ராத்திரி ரஸ்க். கிரீம் பிஸ்கட் புதிதாக வந்திருக்கிறது, அதையும் வைத்திருக்கிறேன். விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்து மாமன் செய்கிறான் என்று அவளிடம் சொல்.

அண்ணன்

*

திண்டிவனம்
20.12.1984

அண்ணா,

நீங்கள் அனுப்பியதெல்லாம் வந்துகொண்டிருக்கிறது. சவுரிராயன், "உங்க அண்ணன் வண்டியே வாங்கிடலாம் போல" என்று கிண்டல் செய்கிறார்.

கெங்காவுக்கு மறுபடி வயிறு சரியில்லை. மார்கழிப் பனி என்று நினைக்கிறேன். போவது தண்ணியாக இல்லை, வெளுப்பாக, எண்ணெய் மிதக்கிற மாதிரி, ஒரே நாற்றம். முன்பு இருந்த மாதிரியேதான். பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்கிறாள். யாரையும் அடிப்பதில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கோபப்படக் கூடாது. ரொட்டி வாரத்துக்கு இரண்டு தரம் வேண்டுமா அண்ணா? ஒரு தரம் போதுமோ என்று தோன்றுகிறது. இல்லாவிட்டால் பனி முடிகிற வரைக்கும் நிறுத்தி வைக்கலாம். மீந்து போகிறது, அதனால் சொல்கிறேன். வேறு ஒன்றும் இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்.

நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படிச் செய்கிறேன்.

வேணி

*

விழுப்புரம்
24.12.1984

வேணி,

மீந்து போகிறது என்று எழுதியிருக்கிறாய். நாலு பேர் இருக்கிற வீட்டில் இரண்டு ரொட்டி மீந்து போகாது என்பது எனக்குத் தெரியும், வியாபாரம் செய்கிறேன். மாப்பிள்ளை வாயால் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டு உன் கையால் எழுத வைக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வருகிறது. அப்படி இருந்தால் இப்போதே சொல்லிவிடு. நான் ஒதுங்கிக்கொள்கிறேன், இந்தத் தடவை ஒரேயடியாக.

அப்படி இல்லை என்றால் நான் சொல்வதைக் கேள். வயிறு போகும்போதுதான் ரொட்டி வேண்டும். சோறு, குழம்பு, கூழ் எல்லாவற்றையும் நிறுத்து. ரொட்டியும் ஆரோட் பிஸ்கட்டும் மட்டும் கொடு. வயிற்றுக்கு இதைவிட லேசான சாப்பாடு இல்லை. என் கடை வாசலில் தினமும் பார்க்கிறேன். இந்த வாரம் கூடுதலாக அனுப்புகிறேன்.

பத்து நாளில் சரியாகாவிட்டால் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போ. நானும் வருகிறேன்.

அண்ணன்

*

விழுப்புரம்
21.2.1985

வேணி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பால் தெளித்துவிட்டு வந்ததிலிருந்து கடையில் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்து போகிறேன், வருகிறேன். ராஜாமணி அடுப்படியில் அழுகிறாள். எனக்கு அழுகை வரவில்லை. அது இன்னும் மோசமாக இருக்கிறது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நான் வந்த அன்றைக்கு அவள் கண் திறந்து பார்த்தாளே. காலெல்லாம் வீங்கி, கை விரல்கள் மடங்கிப்போய். நான் கொண்டு வந்த ரொட்டியில் இரண்டு வாய் தின்றாள். தின்கிறாளே, பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்து, கடையைப் பார்க்க அன்று சாயந்திரமே கிளம்பிவிட்டேன். இருந்திருக்க வேண்டும்.

நான் போன பிறகு நடந்தது எனக்கு ஒன்றும் தெரியாது. அடக்கத்துக்கு வந்தபோது உன்னிடம் கேட்கிற நிலைமை இல்லை. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. வார்டில் பார்த்த அந்தப் பெண் டாக்டர் என்ன சொன்னார்? என்ன நோய் என்று சொன்னார்கள்? எழுது.

அண்ணன்

*

திண்டிவனம்
3.3.1985

அண்ணா,

டாக்டர் என்னென்னவோ இங்கிலீஷில் சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை. உடம்பில் சத்து இல்லை, குளுக்கோஸ் ஏறவில்லை என்றார்கள். அவள் விதி அவ்வளவுதான்.

நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடையைச் சாத்தி வைக்காதீர்கள். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை பார்சல் வேண்டாம். தின்ன ஆள் இல்லை.

வேணி

*

விழுப்புரம்
9.3.1985

வேணி,

உன் கல்யாணத்துக்கு எடுத்த புடவை ஒவ்வொன்றும் என்ன நிறம், யார் கொடுத்தது என்று இன்றைக்கும் சொல்வாய். பெற்ற பிள்ளைக்கு டாக்டர் சொன்னது உனக்கு ஞாபகம் இல்லையாம். நான் உன் அண்ணன், ஆஸ்பத்திரிக் கிளார்க் இல்லை.

வியாபாரத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நஷ்டம் வந்தால் யாரையும் திட்டுவதற்கு முன்னால் உட்கார்ந்து யோசிப்பேன். சரக்கு எப்போது போனது, கெடுதல் எப்போது வந்தது. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திருடன் அகப்பட்டுவிடுவான். பத்து நாளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். செய்ய வேண்டாம் என்று நினைத்தாலும் மனசு தானாகச் செய்கிறது.

பால்குடி மறந்ததும் ரொட்டி வந்தது. அந்த வருஷமே வயிறு கெட்டது. காதுகுத்தில் நான் கோபித்துக்கொண்டு ரொட்டியை நிறுத்தினேன். ஆடிக்குள் பிள்ளை அடுத்த வீட்டுப் பிள்ளையை அடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். தீபாவளிக்குச் சமாதானமாகி மறுபடி கொடுத்தோம். மார்கழியில் படுத்துவிட்டாள். சோற்றையும் கூழையும் நிறுத்து, ரொட்டி மட்டும் கொடு என்று நான் எழுதினேன். நீ கொடுத்தாய். தை மாதம் ஆஸ்பத்திரி.

அம்மன் இல்லை, டானிக் இல்லை, பனியும் இல்லை. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரே ஆள்தான் நிற்கிறான்.

நான் சண்டை போட்ட மாதங்களில் பிள்ளை பிழைத்திருந்தாள். நான் பிரியமாக இருந்த மாதங்களில் செத்துப்போனாள். இது சரியா, தப்பா? எனக்கு ஆறுதல் சொல்லி எழுதாதே. அது வந்தால் கிழித்துவிடுவேன். டாக்டர் என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுது. இல்லாவிட்டால் நானே புதுச்சேரிக்குப் போய்க் கேட்டுக்கொள்வேன். அந்நியர் வாயால் அதைக் கேட்க வைக்காதே.

அண்ணன்

*

திண்டிவனம்
26.3.1985

அண்ணா,

உங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்தேன். அவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். நீங்களே கண்டுபிடித்த பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது. எழுதுகிறேன்.

சேர்த்த அன்றைக்கே அந்த டாக்டரம்மா, பிள்ளை கோதுமை சாப்பிடுவாளா என்று கேட்டார். நான் இல்லை என்று சொன்னேன். எங்கள் வீட்டில் கோதுமை வாங்குவதே இல்லை, அரிசியும் கேப்பையும்தான் என்றேன். அவரும் வேறு வேறு சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மூன்று நாள் அப்படியே போனது. நீங்கள் வந்து போன மறுநாள், கட்டிலில் இருந்த ரொட்டியைப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்று கேட்டார். ரொட்டி என்றேன். "கோதுமையே கொடுக்கறதில்லன்னு சொன்னீங்களே?" என்றார். இது மைதா டாக்டர், மைதா மரவள்ளிக்கிழங்கில் செய்வதுதானே என்று சொன்னேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மைதா கோதுமையைச் சலித்து எடுத்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்போதும் தெரியும். நாம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. ரொட்டியைப் பற்றிப் பேசக் கூடாது என்றல்லவா இருந்தோம்.

குடலின் உள்பக்கம் டர்க்கித் துண்டு மாதிரி பூப்பூவாக இருக்குமாம். அந்தப் பூதான் சத்தை உறிஞ்சுமாம். சில பிள்ளைகளுக்கு, ரொம்பக் கொஞ்சம் பேருக்கு, கோதுமையில் இருக்கிற பசை சேராதாம். பட்டுப் பட்டு அந்தப் பூ தேய்ந்து, நைந்த வேட்டி மாதிரி ஆகிவிடுமாம். அதன் பிறகு அமுதமே கொடுத்தாலும் உள்ளே சேராமல் வெளியே போகுமாம். உறுதியாகச் சொல்ல ஒரு சோதனை இருக்கிறது, பிள்ளைக்கு அதைத் தாங்குகிற தெம்பு இல்லை, ஆனால் எனக்குச் சந்தேகம் அதுதான் என்றார். அரிசியும் கேப்பையும் அவளுக்கு ஒன்றும் செய்யாதாம். இந்தக் காலத்தில் மூன்று வேளையும் இப்படி மைதாவும் சர்க்கரையுமாகத் தின்பது யார் வயிற்றுக்கும் நல்லதில்லை, குடலுக்கு நார் வேண்டும் என்றும் சொன்னார். மற்றவர்களுக்கு அது மெதுவாகச் செய்கிற கெடுதல், உங்கள் பிள்ளைக்கு விஷம் என்றார். அன்றைக்கே நிறுத்தினோம். மறுநாளைக்கு மறுநாள் விடியும்போது போய்விட்டாள்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் ஒரே ஆள்தான் நிற்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. நானும் நிற்கிறேன்.

எனக்குத் தெரிந்திருந்தது அண்ணா. டாக்டர் சொன்ன மாதிரி தெரியவில்லை, அம்மாவுக்குத் தெரிகிற மாதிரி தெரிந்தது. கார்த்திகை மாதத்திலேயே. ரொட்டி தின்கிற நாளில் வயிறு உப்புகிறது, தீர்ந்துபோய் இரண்டு நாள் இல்லாவிட்டால் கொஞ்சம் வடிகிறது. அவரிடம் சொன்னேன். "நிறுத்திடு, மச்சானுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். உங்களுக்கு அந்த மார்கழிக் கடிதத்தை எழுதினேன். அதில் மீந்து போகிறது என்று எழுதினேன். ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதக் கை வரவில்லை. ஒரேயடியாக ஒதுங்கிக்கொள்வேன் என்று நீங்கள் பதில் போட்டதும் அதையும் விட்டுவிட்டேன். உங்கள் கடிதம் சொன்னபடி கூழை நிறுத்தினேன். அவள் கூழ் கேட்டு அழுதாள்.

பிள்ளைக்கு வயிறு என்றைக்காவது சரியாகிவிடும், அண்ணன் மனசு கோணினால் சரியாகாது என்று நினைத்தேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் உங்களைப் பார்க்க முடியாது. உங்கள் குரல் கேட்டால் அவள் எங்கேயிருந்தாவது ஓடி வருவாள் என்று காத்துக்கொண்டிருக்கிற மாதிரி ஆகிவிடும். நான் எழுதுகிற வரைக்கும் வராதீர்கள். எப்போது எழுதுவேன் என்று தெரியவில்லை.

வேணி

*

விழுப்புரம்
2.5.1985

வேணி,

உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தினால் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பதில் போடாமல் இருந்தால் நீ அப்படித்தான் நினைப்பாய். அப்படி நினைக்க வைத்திருக்கிறேன் இத்தனை வருஷமாக.

மாப்பிள்ளையிடம் சொல், பந்தியில் அவர் சொன்னது நிஜம். கோபத்தில் சொன்னாரோ, தெரிந்து சொன்னாரோ, நிஜம். அத்தனை பேர் முன்னால் அவரை நான் குறைவாகப் பேசினேன். அதே அத்தனை பேரைக் கூட்டி வைத்து இதைச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

கடையை மூடிவிடலாம் என்று நினைத்தேன். மூடவில்லை. உன்னிடம் பொய் சொல்ல என்ன இருக்கிறது. ஏழெட்டுக் குடும்பம் இந்த அடுப்பை நம்பி இருக்கிறது. எனக்கும் வேறு தொழில் தெரியாது. கல்லாவில் உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பு கையில் இருக்கிற சில்லறையைத்தான் பார்ப்பேன். காலையில் பன், மத்தியானம் பிஸ்கட், ராத்திரி பரோட்டா என்று வளர்கிற பிள்ளைகள்தான் இப்போது நிறைய. நான்தான் வளர்க்கிறேன் என்று பெருமையாக இருந்தேன்.

போன வாரம் கோலியனூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள், குப்பம்மாள் என்று பெயர். இடுப்பில் பிள்ளை. வயிறு போகிறது, உள்ளே சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு ரொட்டி கொடு என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். ரொட்டி தின்ற பிறகு அதிகமாகிறதா என்று கேட்டேன். கேப்பை கொடுத்துப் பார்த்தாயா, டாக்டரிடம் கோதுமையைப் பற்றிச் சொன்னாயா, மைதாவும் கோதுமைதான் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே போனேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ இன்னா டாக்டரா? கூழு குடுத்தா ஆஸ்பத்திரியில சிரிக்க மாட்டாங்க? ரொட்டிய குடுய்யா" என்றாள்.

கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு அது ஒன்றும் செய்யாது என்றுதான் நினைக்கிறேன். ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் சாயந்திரம் வரைக்கும் ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வெளியே வரவில்லை. மறுநாளும் பார்த்தேன். வேறு வாசல் வழியாகப் போயிருக்கலாம். இனி யார் வந்தாலும் கேட்கத்தான் போகிறேன், எத்தனை பேர் திட்டினாலும்.

கார்த்திகையிலேயே உனக்குத் தெரிந்திருந்தது என்று எழுதியிருக்கிறாய். அதைப் பல தடவை படித்தேன். உன்மேல் ஒரு குற்றமும் எனக்குத் தெரியவில்லை. மைதா ஒரு பங்குதான் செய்தது. மீதியைச் செய்தது வேறு. ஒரு ரொட்டி வேண்டாம் என்று சொல்ல என் கூடப்பிறந்தவள் பயந்து நடுங்குகிற மாதிரி ஒரு மனுஷனாக நான் இருந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அதற்குச் சோதனை கிடையாது.

வராதீர்கள் என்று எழுதினாய். நேற்று சவுரிராயன், "ஏறுங்க மொதலாளி, திண்டிவனம் போயிட்டு வந்துடலாம்" என்று கூப்பிட்டார். தங்கச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார், இப்போது என்ன கத்தப்போகிறேனோ என்று. நான் கத்தவில்லை. விசில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நீ எழுதும்போது வருகிறேன். எழுதாவிட்டாலும் எனக்குக் கோபம் இல்லை. ஒன்றுக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தால், வேண்டாம் என்றே எழுது வேணி. மீந்து போகிறது என்று எழுதாதே.

அண்ணன்